பிழைதிருத்துநர் தம் கணினியைப் பூட்டிய வரலாறு

இன்றைய தேதிக்கு உலகத்திலேயே மிகப் பத்திரமான கணினி எது என்று கேட்டால், விவரம் தெரியாதவர்கள் ஏதாவது ஓர் இராணுவத் தலைமையகத்தைக் கை காட்டுவார்கள். தவறு. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் மாடியில், ஜன்னலோரத்தில், ஒரு கால் ஆடுகிற மேசைமேல் உட்கார்ந்திருக்கும் கணினிதான் அது. அதை அந்த உயரத்துக்குக் கொண்டுபோனவர் ஓர் அச்சகத்தின் பிழைதிருத்துநர். அவருடைய சாதனை பாடப்புத்தகத்தில் ஏற வேண்டியது. ஏறினால் அந்தப் பக்கத்துக்கும் அவர்தான் பிழை திருத்த வேண்டியிருக்கும் என்பதால் கூச்சப்பட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார்.

எல்லாம் அச்சகத்தில் நடந்த 'தகவல் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கருத்தரங்'கில் தொடங்கியது. வேலை நேரத்தில் பிஸ்கட்டோடு நடந்ததால் கருத்தரங்குக்கு நல்ல கூட்டம். டை கட்டிய இளம் வல்லுநர் ஒருவர் வந்து 'குறியாக்கம்' என்றால் என்ன என்று விளக்கினார்.

"உங்க ஃபைலைக் குறியாக்கம் பண்ணிட்டீங்கன்னா, பேப்பரைத் தூள் தூளாக் கிழிச்ச மாதிரி ஆயிடும். சரியான கடவுச்சொல்லைப் போட்டா மட்டும்தான் துண்டெல்லாம் தானா ஒட்டிக்கும். திருடன் கம்ப்யூட்டரையே தூக்கிட்டுப் போனாலும் கவலை இல்லை."

"கம்ப்யூட்டர் போயிடுமே சார்?" என்றார் பைண்டர்.

"போகட்டும். தரவு பத்திரமா இருக்கும்."

"யார்கிட்ட?"

"திருடன்கிட்ட."

கூட்டம் கைதட்டியது. கடவுச்சொல்லில் பெயர் கூடாது, பிறந்த நாள் கூடாது, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சொற்கள் வேண்டும், நடுநடுவே நிறுத்தக்குறிகளும் எண்களும் வேண்டும், பெற்ற தாய்க்கும் சொல்லக்கூடாது என்று வல்லுநர் அடுக்கினார். நிறுத்தக்குறி என்ற சொல் காதில் விழுந்ததும் நம் பிழைதிருத்துநருக்குக் கண் கலங்கிவிட்டது. அரைப்புள்ளிக்கு இவ்வளவு மரியாதை தருகிற ஒரு விஞ்ஞானம் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று உருகிப்போனார். வீடு போய்ச் சேருவதற்குள், பேருந்திலேயே, தம்மைத் தாமே 'குடும்பத் தலைமைத் தகவல் பாதுகாப்பு அலுவலர்' ஆக நியமித்துக்கொண்டார்.

இந்த இடத்தில் அவருடைய இரண்டு தொழில் சிறப்புகளைச் சொல்லியாக வேண்டும். அவர் பழகிய முறையில், ஒருவர் மூலப்படியை உரக்கப் படிப்பார்; இன்னொருவர் அச்சுப்படியைப் பார்த்துத் திருத்துவார். படிப்பவர் சொல்லை மட்டுமல்ல, காற்புள்ளி முற்றுப்புள்ளிகளையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்படியே படித்துப் படித்து, இப்போது அவருக்கு வாய் திறக்காமல் எழுத்தைத் தொடவே வராது. மளிகைக் கடைப் பலகையைக்கூட உரக்கத்தான் படிப்பார். இன்னொரு சிறப்பு, படித்ததை அந்தக் கணமே மறந்துவிடுவது. நினைவில் வைத்திருந்தால் அடுத்த படியில் கண் பார்க்காது, மூளை ஊகித்துவிடும்; பிழை தப்பிவிடும். இந்த மறதியை இத்தனை வருஷம் பாடுபட்டு வளர்த்து வைத்திருந்தார்.

கணினியைப் பூட்டிய நாளில் அவருடைய மனைவி பகல் டியூட்டிக்குப் போயிருந்தார். அவர் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மின்விசிறி சரியாகச் சுற்றாததால் ஜன்னல் திறந்திருந்தது. நேர்கீழே தையற்கடை. எதிர் பால்கனியில் பாட்டு டீச்சர், மாணவிகளுக்காகக் காத்திருந்தார். நம்மவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, உலகத்தில் எவருக்கும் தெரியக்கூடாத அந்தச் சொற்றொடரை உள்ளிடத் தொடங்கினார்.

"ஒட்டகம். அரைப்புள்ளி. தலையணை. ஆச்சரியக்குறி. கத்தரிக்கோல். எழுபத்து மூணு. நடுவுல எங்கயும் இடைவெளி கிடையாது."

'உறுதிப்படுத்த மீண்டும் உள்ளிடவும்' என்றது கணினி. இரண்டாம் படி என்றால் இன்னும் கவனம் வேண்டும் அல்லவா? இந்த முறை இன்னும் உரக்க, நிறுத்தி நிதானமாக உள்ளிட்டார். கீழே தையல் இயந்திரம் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது.

பிறகு கணினி ஒரு நீளமான 'மீட்புச் சாவி'யைக் காட்டியது. கடவுச்சொல் மறந்துபோனால் உதவும், மிகப் பத்திரமான இடத்தில் வைக்கவும் என்றது. இப்போது உலகத்தில் மிகப் பத்திரமான இடம் எது? அவர் தயங்கவே இல்லை. சாவியைக் கணினிக்குள்ளேயே வைத்துவிட்டார்.

பூட்டாத பிரதிகள் வெளியே கிடந்தால் ஆபத்து என்று வல்லுநர் எச்சரித்திருந்தார். மேசை இழுப்பறையில் மனைவியின் பென்டிரைவ் கிடந்தது. அதிலும் கணினியிலும் இருந்தது ஒரே ஃபைல்தான். மனைவி மூன்று வருஷமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தது. பென்டிரைவைத் துடைத்துச் சுத்தமாக்கினார். உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று வருஷத்தில் ஒரு நாளாவது, ஒரு வரியாவது பார்த்தவர் இல்லை. பிறர் தரவை மதிப்பதில் அப்படி ஒரு பண்பு.

சாயங்காலம் மனைவி வந்ததும், இருவர் கலந்துகொண்ட 'குடும்பப் பாதுகாப்புக் கூட்டம்' கூடியது.

"கம்ப்யூட்டரைப் பூட்டியாச்சு. இனிமே ஒருத்தராலயும் திறக்க முடியாது."

"நான் எழுதணுமே."

"நீ பாட்டுக்கு எழுதலாம். அணைச்சுப் போட்டாத்தான் கடவுச்சொல் கேட்கும். நான் அணைக்கவே போறதில்லை."

"சரி, கடவுச்சொல்லைச் சொல்லி வைங்க."

"விதிப்படி சொல்லக்கூடாது."

"நான் உங்க பெண்டாட்டிங்க."

"விதியில அதுக்கு விலக்கு இல்லை."

மனைவி அவரை ஒரு நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். கூட்டம் இனிதே முடிந்தது.

மனைவி மூன்று வருஷமாக எழுதிய அந்தப் புத்தகம் அடுத்த சில வாரங்களில் முடிந்தது. பதிப்பகத்தார் அன்று சாயங்காலத்துக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். தவறினால் அந்த இடத்தில் வேறு புத்தகம் போய்விடும், மறுபடி எப்போது என்று சொல்ல முடியாது. மனைவி விடுப்பு எடுத்துக்கொண்டு, கடைசிப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தார். அப்போது பார்த்து மின்சாரம் போனது. திரும்பி வந்தபோது திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் மட்டும் கண் சிமிட்டியது. கடவுச்சொல் என்றது.

"என்னங்க, வந்து போடுங்க."

அவர் வந்தார். விரலை நீட்டினார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. தொழில் சிறப்பு அன்றைக்கென்று பார்த்துக் கைவிடாமல் கூடவே நின்றது.

"ஏதோ ஒரு மிருகம்," என்றார்.

"என்ன மிருகம்?"

"பெரிசு."

யானை போட்டார்கள். காண்டாமிருகம் போட்டார்கள். ஒவ்வொரு தவறுக்கும் கணினி கொஞ்சம் கூடுதல் நேரம் முறைத்துக்கொண்டு நின்றது. பென்டிரைவைத் தேடி எடுத்துப் பக்கத்து வீட்டு மடிக்கணினியில் செருகிப் பார்த்த மனைவி, அதில் ஒன்றுமே இல்லாதது கண்டு திரும்பி வந்தார். பிழைதிருத்துநர் வல்லுநரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"வாழ்த்துகள் சார்," என்றார் வல்லுநர். "உங்க குறியாக்கம் அருமையா வேலை செய்யுது."

"எங்களாலேயே திறக்க முடியலை தம்பி."

"அதுதான் சார் தரம். மீட்புச் சாவியை எங்க வெச்சிருக்கீங்க?"

"உள்ள."

"எதுக்கு உள்ள?"

"கம்ப்யூட்டருக்கு."

மறுமுனையில் பேனா தேடும் சத்தம் கேட்டது. "சார், இதை அடுத்த கருத்தரங்குல சொல்லிக்கலாமா? பேரு சொல்ல மாட்டேன். ரகசியம் காப்போம்."

மனைவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "டியூட்டி முடிச்சு, கால் வீங்கி வந்து, அப்புறமும் உட்கார்ந்து எழுதினேங்க," என்றார். குரல் உடைந்தது. "மறுபடி எழுதச் சொன்னா என்னால முடியாது. சத்தியமா முடியாது." தலைமைத் தகவல் பாதுகாப்பு அலுவலர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். இருந்தாலும், ஒட்டகச்சிவிங்கியாக இருக்குமோ என்று யோசித்துக்கொண்டேதான் நின்றார்.

அப்போதுதான் தையற்காரர், தைத்த சீருடையைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். "என்ன சிஸ்டர், அழுறீங்க?"

விஷயத்தைக் கேட்டதும், இதற்கா என்பது போல நிமிர்ந்தார். "ஒட்டகம், காற்புள்ளி, தலையணை. அதானே சார்?"

"அரைப்புள்ளி," என்றார் எதிர் பால்கனியிலிருந்து பாட்டு டீச்சர். "ஒட்டகத்துக்கு அப்புறம் அரைப்புள்ளி. அவர் ரெண்டு தடவையும் சுருதி மாறாம சொன்னார்."

"டீச்சர், என் காதுல காற்புள்ளின்னுதான் விழுந்துச்சு."

"உங்க மெஷின் சத்தத்துல விழுந்திருக்கும். கத்தரிக்கோலுக்கு முன்னாடி ஆச்சரியக்குறி. அதுலயாவது சந்தேகம் இருக்கா?"

"அதுல இல்லை. கத்தரிக்கோல்னதும் என் கடையிலதான் கேட்கறாருன்னு எடுத்துக்கிட்டு மேல வரப் போனேன். அப்புறம் எழுபத்து மூணுன்னாரு. அத்தனை எங்கிட்ட ஏதுன்னு உட்கார்ந்துட்டேன்."

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. இடைவெளி கிடையாது என்பதை, அன்றைக்கு மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் ஞாபகப்படுத்தினார். மனைவி தட்டினார். கணினி திறந்துகொண்டது. புத்தகம் நல்லபடியாக இருந்தது. பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டு அவர் சிரிக்கவும் அழவும் சேர்ந்து தொடங்க, பாட்டு டீச்சரும் எதிரில் நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"படுத்த படுக்கையா இருக்கறவங்களை வீட்டுல பார்த்துக்கறது பத்தின புத்தகம்தானே சிஸ்டர்?" என்றார் தையற்காரர். "எங்கப்பாவை எப்படித் திருப்பிப் படுக்கவைக்கிறதுன்னு படிச்சுக் காட்டினீங்களே. கடைசி வரைக்கும் அவருக்குப் புண்ணே வரலை."

பிழைதிருத்துநர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அப்படி ஒரு புத்தகமா என்று கேட்க வாயெடுத்து, கடமை குறுக்கிட, கூட்டத்தைக் கலைத்து அனுப்பினார். கதவைத் தாழிட்டார். ஜன்னலையும் சாத்தினார்.

"பெரிய பாதுகாப்பு மீறல் நடந்திருக்கு," என்றார். "ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. உடனே புதுக் கடவுச்சொல் போடணும். நீ கொஞ்சம் வெளிய இரு."

"எதுக்குங்க?"

"ஒருத்தரும் அதைத் திறந்து பார்த்துடக்கூடாது இல்லையா?"

மனைவி சீருடையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"மூணு வருஷம் அது பூட்டாமத்தான் கிடந்தது," என்றார். "அப்பக்கூட நீங்க திறந்து பார்க்கலையே."