பேய் இல்லீங்க, எல்லாம் பட்டா நிலமுங்க

ஓய்வு பெற்ற அரசு அதிகாரி வெறுங்கையோடு நடந்தால் அது நடைப்பயிற்சி. கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் அது விசாரணை. நோட்டோடு ஒரு கம்பும் சேர்ந்துவிட்டால் அது சர்வே. முப்பத்து நான்கு வருடம் வருவாய்த் துறையில் இருந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. ஆகவே பொள்ளாச்சியைத் தாண்டி ஆனைமலைக்குப் போகிற வழியில் ஒரு தென்னந்தோப்பில் மூன்று மணி நேரம் சிறைவைக்கப்பட்டேன். (ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அது என் மாமனார் ஊருக்குப் பக்கத்து ஊர் என்பது மட்டும் போதும்.)

மூல காரணம் இங்கிலாந்து. என் மகள் அங்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். ஓய்வு பெற்ற பிறகு நானும் என் மனைவி கமலாவும் மூன்று மாதம் போய்த் தங்கினோம். அங்கே உள்ளூர் வரலாற்றுக் கழகம் என்று ஒன்று, சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற ஹாலில் வாரம் ஒருமுறை கூடும். எல்லோருக்கும் எழுபதுக்கு மேல் வயது. தேநீர் குடித்துவிட்டு ஒருவர் எழுந்து, தன் தெருவில் இருக்கும் கிணற்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். எனக்கு முதல் நாளே சந்தேகம். ஒரு மனிதன் கிணற்றைப் பற்றி அவ்வளவு நேரம் பேசினால் அதில் பங்குத் தகராறு இருக்க வேண்டும். இவரோ கிணற்றுக்குச் சொந்தக்காரர்கூட இல்லை.

அவர்கள் எனக்கு ஒரு பழைய புத்தகத்தைப் படிக்கக் கொடுத்தார்கள். அந்த ஊரில் ஒரு காலத்தில் பாதிரியாராக இருந்தவர் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியது. எந்த ஊற்றுத் தண்ணீர் கண்நோயைத் தீர்க்கும், எந்தப் பாறை சாத்தான் எறிந்தது, எந்தப் பேய் எந்த வேலியைத் தாண்டி எந்த வயலுக்குள் இறங்கும், எல்லாம் இருந்தது. பேய்க்கு நான்கெல்லை கொடுத்திருந்தார். சாட்சிக் கையெழுத்துதான் இல்லை. அதை மன்னித்தேன். நானும் என் காலத்தில் ஆயிரக்கணக்கான கற்களைப் பதிவு செய்திருக்கிறேன். ஒரு கல்லுக்காவது அந்தப் பெயர் ஏன் வந்தது என்று கேட்டதில்லை. அன்று இரவு வெட்கமாக இருந்தது.

வசந்த காலத்தில் ஒரு நாள் ஊரே சேர்ந்து எல்லையைச் சுற்றி நடந்தது. ஆளுக்கொரு வில்லோ மரக் கம்பு. ஒவ்வொரு எல்லைக் கல்லையும் கம்பால் தட்ட வேண்டும். முன்காலத்தில் சின்னப் பையன்களைத் தலைகீழாகப் பிடித்துக் கல்லில் முட்டுவார்களாம். வலியும் மறக்காது, எல்லையும் மறக்காது. (நம்மிடம் அதற்கு, எந்த நிலம் யாருடையது என்று சொல்லும் ‘அ’ பதிவேடு இருக்கிறது. அதில் பட்டாதாரர்களே வந்து முட்டிக்கொள்வார்கள்.) நானும் தட்டினேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது.

கோயம்புத்தூரில் கணபதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் வேலையை ஆரம்பித்தேன். முதலில் ஒரு படிவம். கல்லின் பெயர், அமைவிடம், கதையின் சுருக்கம், பேய் இருப்பின் அதன் தன்மை, பேய் குடியிருக்கும் மரம். மரம் என்று எழுதியதும் கை தானாக ‘மரங்களின் எண்ணிக்கை, வயது, காய்ப்பு விவரம்’ என்று அடுத்த மூன்று கட்டங்களைப் போட்டுவிட்டது. அனுபவித்துக்கொண்டிருப்பவர் பெயருக்கும் ஒரு கட்டம். அனுபவம் என்பது இதுதான்.

கமலாவின் ஊரைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் அவளிடம் சொல்லவில்லை. உறவினர் மூலம் போகக் கூடாது, அவர்கள் நமக்குப் பிடித்ததையே சொல்வார்கள் என்பது அந்தப் பாதிரியாரின் எச்சரிக்கை. காலையில் தொப்பியும் கம்பும் பையுமாகப் புறப்பட்டபோது கமலா வாசலில் நின்றாள்.

“எங்கீங்க போறீங்க?”

“சும்மா, ஒரு நடை.”

“நடைக்கு எதுக்குங்க ஆனைமலை ரூட் பஸ் டைமைச் செவுத்துல எழுதி வெச்சிருக்கீங்க?”

பதில் சொல்லாமல் இறங்கிவிட்டேன். முப்பத்தெட்டு வருடமாக அவள் நடத்தும் விசாரணைகளில் நான் கடைப்பிடிக்கும் நடைமுறை அது.

பத்தரை மணிக்கு என் மாமனார் ஊரின் தெற்கு எல்லையில் நின்றேன். முதல் கல்லைத் தட்டினேன். குறிப்பெழுதினேன். இரண்டாவது கல்லைத் தட்டினேன். மூன்றாவது கல், வாய்க்காலுக்கு அப்பால், பக்கத்து ஊர்த் தோப்பின் ஓரத்தில் இருந்தது. நல்ல உயரமான கல். உச்சியில் யாரோ மஞ்சள் பூசியிருந்தார்கள். இதற்குக் கதை இல்லாமல் இருக்காது என்று மனம் துள்ளியது. நிதானமாக மூன்று தட்டு தட்டினேன்.

“ஏனுங்க, ஆரு வேணுமுங்க?”

திரும்பினேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும் ஒரு அம்மா, கையில் தேங்காய் உரிக்கும் கம்பியோடு நின்றிருந்தார். ராஜாமணியம்மா என்று பிறகு தெரிந்தது. தோப்பு அவருடையது.

“யாரும் வேண்டாமுங்க. இந்தக் கல்லைப் பார்க்க வந்தேன்.”

“கல்லையா? கல்லு எப்பவும் இங்கதானுங்க இருக்குது. இன்னைக்கு என்னமோ புதுசா?”

“இதைப் பத்தி ஏதாவது கதை உண்டுங்களா?”

“கதையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க.”

“பேய், பிசாசு, முனி… ஏதாவது நடமாட்டம்?”

“பேய் இல்லீங்க. எல்லாம் பட்டா நிலமுங்க.”

“சரிங்க. அந்தக் கிணத்துத் தண்ணிக்கு ஏதாவது விசேஷம் உண்டுங்களா?”

அந்த அம்மா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “தண்ணி இருக்குதுன்னா ஒரு மாதிரி எழுதுவீங்க. இல்லீன்னா இன்னொரு மாதிரி எழுதுவீங்க. நானு ஒண்ணும் சொல்லலீங்க. நீங்க கொஞ்சம் உக்காருங்க, எளநி குடிச்சுட்டுப் போலாம்.”

கொங்கு நாட்டில் இளநீர் கொடுத்துத்தான் ஆளைப் பிடிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போனது. நான் ஒரு இளநீரைக் குடித்து முடிப்பதற்குள் மோட்டார் ரூமைச் சுற்றிப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். ஒருவர் கயிற்றுக் கட்டிலை நிழலுக்கு இழுத்துப் போட்டார். இன்னொருவர், “போனைக் குடுங்க சார், சார்ஜ் போட்டு வெக்கறோமுங்க” என்று வாங்கிக்கொண்டார். அதில் தொண்ணூறு சதம் சார்ஜ் இருந்தது.

விஷயம் இதுதான். இரண்டு வருடமாக அந்தப் பக்கம் டவர் லைன் வரப்போகிறது என்று பேச்சு. உயர் அழுத்த மின்கோபுரம் ஒன்று நின்றால் அதன் பாதையில் இருக்கும் தென்னை அத்தனையும் வெட்டியாக வேண்டும். வருமா வராதா என்று எந்த அலுவலகமும் எழுத்தில் சொல்லவில்லை. ராஜாமணியம்மாவுக்கு அந்தத் தோப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. இந்த நிலையில் தொப்பி வைத்த ஒருவன் வந்து எல்லைக் கல்லைத் தட்டிப் பார்க்கிறான். பேய் எந்த மரத்தில் இருக்கிறது, அந்த மரத்துக்கு என்ன வயது, எத்தனை காய் என்று படிவம் வைத்திருக்கிறான். அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் இளநீர்கூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

“நீங்க சர்வேக்காரருங்களா?” என்றார் ஒருவர்.

இங்கேதான் என் வாழ்க்கையின் மிகச் சிறந்த தவறைச் செய்தேன். அடையாளம் கேட்டால் ஆவணத்தைக் காட்ட வேண்டும் என்பது நடைமுறை. ஓய்வூதியர் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கிச் சத்தமாகப் படித்தார்.

“ஓய்வு பெற்ற தனி வட்டாட்சியர்… நில எடுப்பு.”

தோப்பில் ஒரு காக்கா கத்தியது.

“கட்டிப் போட்டுருவோமுங்களா?” என்று ஒருவர் கேட்டார். என்னைப் பார்த்து, “தப்பா நெனச்சுக்காதீங்க சார்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

“கட்டக் கூடாதுங்க. சட்டவிரோதக் காவலில் வந்துவிடும்” என்று நானே எடுத்துச் சொன்னேன். “வேண்டுமானால் சுற்றி நில்லுங்கள்.” சுற்றி நின்றார்கள்.

வேறு வழியில்லாமல் என் மச்சினன் பெயரைச் சொன்னேன். பழனிசாமி, கமலாவின் தம்பி. அது இன்னும் மோசமாயிற்று. டவர் லைனை எதிர்க்கும் விவசாயிகள் கமிட்டிக்கு அவன்தான் செயலாளர். (கல்யாண வீடுகளில் அதைப் பற்றித்தான் என்னிடம் பேசிக்கொண்டிருந்தான் போல. நான் தலையாட்டியிருக்கிறேன்.) பதினைந்து முகமும் ஒரே நேரத்தில் மாறியதைப் பார்த்தேன். செயலாளரின் சொந்த மாமனே நில எடுப்பு அதிகாரி என்றால் உள்ளே இருந்து தகவல் போவது யார் மூலம்?

பழனிசாமி பைக்கில் வந்தான். என்னைப் பார்த்தான். கம்பைப் பார்த்தான். படிவத்தைப் பார்த்தான்.

“மாமா, நீங்க வாரது அக்காளுக்குத் தெரியுமுங்களா?”

“தெரியாது.”

“ஊட்டுக்கு வராம நேரா எல்லைக்கு எதுக்குங்க வந்தீங்க?”

“இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் சொல்லியிருக்கிறார், மாப்ளே. சொந்தக்காரர்களிடம் சொல்லாமல் போக வேண்டும் என்று.”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. “வெள்ளைக்காரன் சொல்லியா வந்திருக்கறாரு?”

“அங்கே வருஷா வருஷம் எல்லைக் கல்லைத் தட்டுவார்கள். கதைகளைச் சேகரிப்பார்கள். அது ஒரு ஆராய்ச்சி.”

“எங்க நெலத்தையெல்லாம் மொத மொத அளந்தவனே வெள்ளைக்காரன்தானுங்களே” என்றார் ராஜாமணியம்மா. “அவனும் மொதல்ல கதைதானுங்க கேட்டிருப்பான்.”

இந்த வாக்கியத்தை எந்த வரலாற்றுக் கழகத்தில் சொன்னாலும் ஒரு நிமிடம் மௌனம் நிலவும்.

பழனிசாமியின் நிலை எனக்குப் புரிந்தது. அவன் என்னை விட்டுக்கொடுத்தால் அக்காளிடம் பதில் சொல்ல வேண்டும். விட்டுக்கொடுக்காவிட்டால் இந்தப் பதினைந்து பேரும் இனி அவனை நம்பப் போவதில்லை. இரண்டு வருடமாக அவன் பின்னால் நின்றவர்கள். பைக் சாவியைச் சட்டைப் பையில் போட்டான். அப்புறம், “ஆராயிருந்தாலும் மனு குடுத்துப்போடலாமுங்க. பேப்பர் கொண்டாங்க” என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் எழுதினான். எழுதியதைக் கூட்டத்துக்குப் படித்துக் காட்டினான். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. என் மேல் மனு கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது அவர்கள் உரிமை. ஆனால் அந்த மனு! பெறுநர் தவறு. ‘பொருள்’ இல்லை. புல எண் இல்லை. சம்பவ நேரம் இல்லை. கோரிக்கை என்னவென்றே இல்லை. ‘மேற்படி ஆள் ரொம்ப மோசமானவர், தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்று முடித்திருந்தான். இப்படி ஒரு மனு என் மேசைக்கு வந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடித்துவைத்திருப்பேன்.

“இது நிற்காது, மாப்ளே” என்றேன்.

“நிக்காதுன்னா?”

“கொண்டா இங்கே.”

கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். பொருள்: நில அளவை – அனுமதியின்றி எல்லைக் கற்களை ஆய்வு செய்த நபர் மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக. ராஜாமணியம்மாவிடம் புல எண் கேட்டேன். இப்போது மட்டும் மடமடவென்று சொன்னார். எதிர்மனுதாரரின் பெயர், தந்தை பெயர், கதவு எண், கணபதி, கோயம்புத்தூர் எல்லாம் பிழையில்லாமல் எழுதினேன். ‘மேற்படி நபர் பேய்களை விசாரிப்பதாகக் கூறி மரங்களின் காய்ப்பு விவரத்தைச் சேகரித்துள்ளார்’ என்று எழுதும்போது, உண்மையிலேயே இந்த ஆள் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. கடைசியில்தான் முக்கியமான வரி: ‘மேற்கண்ட புல எண்களில் மின்கோபுரத்துக்காக நில அளவை உத்தரவு ஏதும் உள்ளதா என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டுகிறோம்.’

“திங்கக்கிழமை குறைதீர் நாளில் கொடுங்கள். ரசீது எண் வாங்காமல் வராதீர்கள். ஒரு நகல் பதிவுத் தபாலில்” என்றேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மனு எழுதிக் கொடுப்பவரும் போட வேண்டும் என்பது பழக்கம். ‘எழுதியவர்’ என்று போட்டு நானும் கையெழுத்திட்டேன்.

போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். முழு சார்ஜ் இருந்தது. ராஜாமணியம்மா நான்கு தேங்காயைப் பையில் போட்டு, “மனு நல்லாருக்குதுங்க. ஆனாலும் நீங்க இந்தப் பக்கம் வந்துபோட வேண்டாமுங்க” என்றார்.

வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து எனக்கு விசாரணை அழைப்பு வந்தது. அதைப் பிரித்தது கமலா. அடுத்த பத்து நாள் பற்றி எழுத இங்கே இடமில்லை.

அங்கே நாற்காலியில் இருந்த பெண் அதிகாரி ஒரு காலத்தில் என்னிடம் உதவியாளராக இருந்தவர். மனுவை இரண்டு முறை படித்தார்.

“சார், யார் சார் எழுதியது? கோப்பை மூடவே முடியவில்லை. எந்தப் பத்தியில் கை வைத்தாலும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.”

“கடைசிப் பக்கம் பாருங்கள்.”

பார்த்தார். என்னைப் பார்த்தார். என் வாக்குமூலத்தைச் சிரிக்காமல் பதிவு செய்தார், நல்ல பயிற்சி. அடுத்த மாதம் பழனிசாமிக்குப் பதில் வந்தது: மேற்படி புல எண்களில் நில அளவை உத்தரவு எதுவும் தற்சமயம் இல்லை. இரண்டு வருடமாக யாரும் எழுதித் தராததை எழுதித் தந்திருந்தார்கள். பழனிசாமி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினான். எனக்குப் போன் செய்தான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு முதல் போன்.

“மாமா, ‘தற்சமயம்’னு போட்டிருக்குதுங்களே, அது என்னத்துக்குங்க?”

“அதை நம்பாதே” என்றேன். “ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்னொரு மனு போட்டுக்கொண்டே இரு.” போட்டுக்கொண்டே இருக்கிறான். எழுதித் தருவது நான். தோப்பு இன்னும் நிற்கிறது.

சென்ற தை மாதம் பழனிசாமியின் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. புது மருமகள் பக்கத்து ஊர்ப் பெண். விருந்துக்குப் போயிருந்தபோது என்னைக் ‘கோயமுத்தூரு மாமா’ என்று மட்டும் அறிமுகம் செய்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் பேச்சு நன்றாக வரும். அவர்கள் ஊர் எல்லையில் ஒரு கல் இருக்கிறதாம். தாசில்தார் கல் என்று பெயராம்.

“அங்க ஒரு தாசில்தாரைக் கட்டி வெச்சு ஊரே அடிச்சுதாமுங்க, மாமா. தோப்பை எழுதி வாங்க வந்தாராம். அதுக்கப்புறம் எந்த ஆபீசரும் அந்தக் கல்லைத் தாண்டறதில்லீங்களாம்.”

பழனிசாமி ரசத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறந்தேன். கட்டவில்லை, அடிக்கவில்லை, இளநீர் கொடுத்தார்கள் என்று பதிவு செய்ய வேண்டியது என் கடமை. கமலா என் முழங்கையைப் பிடித்தாள்.

“அவ சொல்றதைக் குறுக்க பேசாம கேளுங்க. இதுக்குத்தானே அத்தனை தூரம் பஸ் ஏறிப் போனீங்க?”

ஆனாலும் பழக்கம் விடவில்லை. “இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா, அம்மணி?” என்று கேட்டேன்.

“இருக்குதுங்க மாமா. எழுத்துலயே இருக்குதாம்” என்றாள். “அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போனாராமுங்க.”