பரவாயில்லை ஆசாமியின் கேஸ் பாக்கி

இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் பாட்லி ஊரில் மழைக்கு அடுத்தபடியாகத் தாராளமாகக் கிடைப்பது ஓர் இனம். அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் பரவாயில்லை ஆசாமி. யார்க்‌ஷர் முழுக்க இருக்கிறார்கள் என்றாலும், எங்கள் தெருவில் விளைச்சல் கொஞ்சம் அதிகம். மாடிப்படியில் உருண்டு, இடுப்பு பிசகி, ஆம்புலன்சில் ஏற்றப்படும் நேரத்தில் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "பரவாயில்லப்பா, ஓடுது" என்பார். தன்னைத் தூக்குகிறவரின் முதுகு வலிக்குமே என்று அவரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்வார்.

இவரிடம் உதவி என்று எதையாவது நீட்டுங்கள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, "எங்களைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க" என்பார். யார் அந்த எத்தனையோ பேர்? அடுத்த தெருவில் இருக்கிறார்களாம். அங்கே போய்க் கேட்டால் அவர்கள் இந்தத் தெருவைக் கை காட்டுகிறார்கள்.

கிளிஃப் ஓல்டிராய்ட் இந்த இனத்தில் சுத்தமான ரகம். முப்பது வருஷம் பஸ் ஓட்டி, முட்டி தேய்ந்து, வீட்டோடு இருக்கிறார். மனைவி மாவிஸுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் அரை நாள் வேலை. கேஸுக்கும் கரண்டுக்குமாக எழுநூற்று நாற்பது பவுண்டு பாக்கி. கம்பெனிக்காரர்கள் அனுப்பிய கடிதங்களையெல்லாம் கிளிஃப் தேதிவாரியாக அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, பிரிக்காமல் வைத்திருந்தார். பாக்கி மேலும் ஏறக் கூடாது என்று நவம்பரிலேயே வீட்டைச் சூடாக்கும் ஹீட்டிங்கை அணைத்தும் விட்டார். மாவிஸுக்கோ ஆஸ்துமா. அறை கதகதப்பாக இருந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். அந்த அம்மாள் வீட்டுக்குள்ளேயே கோட்டு, குல்லாய், கையுறை சகிதம் உட்கார்ந்து டிவி பார்த்தபடி இருமிக்கொண்டிருந்தார்.

இந்த மாதிரிப் பாக்கியை அடைத்துவிட ஒரு தரும நிதி இருக்கிறது. இனாம்தான், திருப்பித் தர வேண்டாம். கடன் ஆலோசனை மையத்திலிருந்து ஒருவர் வந்து வரவு செலவைக் கேட்டு, படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமையோடு படிவம் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். மாவிஸ் கிளிஃபிடம் மூச்சுக்கூட விடாமல் பள்ளிக்கூடத்திலிருந்தே போன் செய்துவிட்டார். மையத்திலிருந்து ரிஸ்வானா என்ற பெண் புதன்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொன்னாள்.

விஷயம் தெரிந்ததும் கிளிஃப் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? கஷ்டத்தைப் பார்க்க வருகிறவருக்கு அதைக் கண்ணில் காட்டுவதா? விடியற்காலையில் எழுந்து ஜன்னல் கண்ணாடி துடைத்து, கம்பளத்துத் தூசியை மெஷின் போட்டு உறிஞ்சி, எதிர்வீட்டில் பூப்போட்ட கோப்பைகள் இரவல் வாங்கி, சாக்லேட் பிஸ்கட் வாங்கி வந்து, கடைசியில், நவம்பர் முதல் தொடாத அந்த ஹீட்டிங் குமிழையும் முழுசாகத் திருகிவிட்டார். விருந்தாளி குளிரில் உட்காருவதாவது!

ரிஸ்வானா வந்து ஐந்து நிமிஷத்தில் கோட்டைக் கழற்றினாள், பத்தாவது நிமிஷத்தில் ஸ்வெட்டரையும் கழற்றினாள்.

"வீடு எப்பவும் இப்படித்தான் சூடா இருக்குமா, மிஸ்டர் ஓல்டிராய்ட்?"

"பரவாயில்லம்மா, சமாளிக்கிறோம்."

"சாப்பாட்டுக்கு வாரம் எவ்வளவு ஆகுது?"

"இருபது பவுண்டு. நாங்க கொறிக்கிற ஆளுங்க."

"துணிமணிக்கு?"

"இருக்கிறதே கிழியலையேம்மா."

"அவங்களுக்கு நெஞ்சு கோளாறுன்னு போன்ல சொன்னாங்களே?"

"லேசான இருமல். அவ சின்னப் புள்ளையிலயிருந்தே அப்படித்தான்."

மாவிஸ் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். இருமல் முந்திக்கொண்டது.

ரிஸ்வானா கூட்டிக் கழித்துப் பார்த்தாள். "உங்க கணக்குப்படி மாசம் அறுபத்தோரு பவுண்டு மிச்சமாகுது."

"பாத்தியா மாவிஸ்" என்றார் கிளிஃப். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"மிச்சமானா நிதி கிடையாது" என்றாள் ரிஸ்வானா.

"பெருமையைத் தின்னுட்டுத் தூங்கு கிளிஃப், என்னை ஆஸ்பத்திரியில கொண்டு போய்ப் போட்டுடு" என்றார் மாவிஸ். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட மூச்சு இல்லை.

கிளிஃப் பிஸ்கட் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ரிஸ்வானா இந்த இனத்தை நிறையப் பார்த்தவள். பேனாவை மூடாமலே கேட்டாள்:

"சரி, உங்களை விடுங்க. அடுத்த தெருவுல ஒருத்தர் இருக்காருன்னு வச்சுக்குவோம். இதே வருமானம், இதே பாக்கி, இதே மாதிரி வீட்டம்மா. அவரு பாடு எப்படி இருக்கும்?"

அவ்வளவுதான், மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அநியாயம்மா அது. அந்த ஆளு பாக்கிக்குப் பயந்து ஹீட்டிங்கே போட்டிருக்க மாட்டாரு. கோட்டோட படுப்பாங்க. வியாழக்கிழமைக்கு மேல சூப்பும் ரொட்டியும்தான். பொண்டாட்டிக்காரி சரியா சாப்பிடட்டும்னு இவரு பசிக்கலம்பாரு. பெட்ரூம் சுவரெல்லாம் பூஞ்சை பிடிச்சிருக்கும். அவ ராத்திரியெல்லாம் இருமுவா, இவரு தூங்குற மாதிரி கண்ணை மூடிட்டுக் கிடப்பாரு. பயம்மா, வேறென்ன. இந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் குடுக்கணும்."

ரிஸ்வானா வரிவிடாமல் எழுதிக்கொண்டே வந்தாள். பூஞ்சையைப் போட்டோ எடுத்தாள். மளிகை ரசீதுகளையும் டாக்டர் சீட்டையும் மாவிஸ் எடுத்துக் கொடுக்க, பழைய கணக்கை அடித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். மிச்சம் போய்த் துண்டு விழுந்தது. எல்லாவற்றையும் கிளிஃபிடம் நீட்டினாள். அவர் கண்ணாடி மாட்டிப் படித்தார்.

"ச்ச, பாவம். யாரும்மா இது?"

"நீங்கதான். இங்க கையெழுத்துப் போடுங்க."

கிளிஃப் தூங்குவதுபோலக் கிடந்ததெல்லாம் மாவிஸுக்கு இப்போதுதான் தெரிந்தது. கிளிஃபுக்கு வெட்கம், பிடுங்கித் தின்கிற வெட்கம். மாவிஸ் கையுறை இல்லாத கையால் பேனாவை எடுத்து அவர் விரலுக்குள் வைத்தார். கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது.

ஆறு வாரத்தில் பாக்கி முழுக்க அடைந்தது. கடிதத்தைப் படித்த கிளிஃப், வேறு யாருக்கோ வர வேண்டியது முகவரி தவறி வந்திருக்குமோ என்று இரண்டு நாள் சந்தேகப்பட்டார். மாவிஸுக்குச் சந்தேகமே இல்லை. நேரே போய் ஹீட்டிங்கைப் போட்டார். இருமல் குறைந்து வருகிறது.

இதுவரை சிரித்துக்கொண்டே வந்திருப்பீர்கள். "அச்சு அசல் எங்க சித்தப்பாதான்" என்று யார் முகமாவது நினைவுக்கு வந்திருக்கும். நல்லது. இப்போது இதைப் பக்கத்து அறையில் இருப்பவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவருக்கு யார் முகம் நினைவுக்கு வருகிறது என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லாமல் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால், அவர் எவ்வளவு நாளாகக் குளிரில் உட்கார்ந்திருக்கிறார் என்று அடுத்ததாகக் கேட்டுவிடுங்கள்.