ஆறாவது ஏன்

எங்கள் தொழிற்சாலையில் நானூற்றுப் பன்னிரண்டு நாளாக ஒரு விபத்துகூட நடக்கவில்லை. காரணம், பாதுகாப்பு அதிகாரியான நான். இதை நானாகச் சொல்லவில்லை. கேட்டில் தொங்கும் பலகை சொல்கிறது. எழுதி மாட்டியது மட்டும்தான் நான்.

மாதம் ஒரு தடவை, யாருக்கும் சொல்லாமல் ஒத்திகை வைப்பேன். குமாஸ்தா ஒருவரை ஏணிக்கடியில் மல்லாக்கப் படுக்கவைத்து அலறச் சொல்வேன். யார் ஓடி வருகிறார்கள், யார் டீயைக் குடித்து முடித்துவிட்டு வருகிறார்கள் என்று குறித்துக்கொள்வேன். நிஜமாகவே யாராவது விழுந்தால் அதற்கு வேறு வித்தை. 'ஐந்து ஏன்' என்று பெயர். ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டால் குற்றவாளி தானாக வந்து மாட்டுவான்.

இந்தப் பிரதாபங்களையெல்லாம் சாப்பிடும்போது வீட்டில் அளப்பேன். மனைவி 'ம்' கொட்டுவாள். வெறும் 'ம்'தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, சாய்ந்து உட்கார்ந்து பேப்பரை விரித்தேன். குளியலறையில் 'தடால்!'

"ஐயோ, அப்பா!" மனைவியின் குரல்.

ஓடினேன். மாமனார் குளியலறைத் தரையில் கால் நீட்டிக் கிடந்தார். எழுபத்து நாலு வயது மனிதர். தாங்கிப் பிடித்து உட்காரவைத்தேன்.

"அடி பட்டுதா மாமா?"

"ஒண்ணுமில்ல மாப்ள. லேசா வழுக்கிடுச்சு."

ஒரு கீறல்கூட இல்லை. பயம் தெளிந்ததும் எனக்குள் இருந்த அதிகாரி எழுந்துகொண்டார். ஹாலில் விசாரணையைக் கூட்டினேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். மாமா ஏன் விழுந்தார்?"

"தரையெல்லாம் தண்ணி," என்றாள் மனைவி.

"ஏன் தண்ணி?"

"குழாய் ஒழுகுது."

"ஏன் ஒழுகுது?"

"வாஷர் தேஞ்சு போச்சு."

"ஏன் மாத்தல?"

"பிளம்பர் வரல."

குற்றவாளியின் சட்டைக் காலர் கைக்கு எட்டிவிட்டது. குரலை உயர்த்தினேன்.

"ஏன் வரல?"

"'இதுக்கெல்லாமா பிளம்பர்? வர ஞாயித்துக்கிழமை நானே மாத்திடறேன்'னு நீங்கதான் சொன்னீங்க. எட்டு மாசம் ஆச்சுங்க."

ஆறு வயது மகள், "அப்பாதான்! அப்பாதான்!" என்று கைதட்டினாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

வாஷர் வாங்கக் கிளம்பினேன்.

"இருக்குங்க," என்று மேசை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மாற்றினேன்.

"ஏங்க, அப்படியே இந்தக் கைப்பிடியையும் சுவத்துல மாட்டிடுங்களேன்." அதுவும் திருகாணியோடு தயாராக இருந்தது. மாட்டினேன். அப்படியே பாசியைத் தேய்த்தேன். அப்படியே ரப்பர் விரிப்பைப் போட்டேன். அப்படியே ஆசிட் பாட்டிலை மகளுக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றினேன். அப்படியே பல்பு. அப்படியே, உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் வெளியிலிருந்தும் திறக்கிற தாழ்ப்பாள். அப்படியே பொழுதும் சாய்ந்துவிட்டது.

முதுகைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். வேலை முடிந்த பிறகுதான் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. காலையில் பார்த்தது ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது.

"ஒரு சந்தேகம். தரையெல்லாம் தண்ணி. மாமா சட்டை மட்டும் ஏன் நனையல?"

மாமனார் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். என் பேப்பர்.

"அந்த இடத்தை மட்டும் துடைச்சுட்டுத்தான் படுக்கவெச்சேன்," என்றாள் மனைவி. "வயசானவருக்குச் சளி பிடிக்காதா?"

"படுக்கவெச்சியா? அதான் பார்த்தேன்! வழுக்கி விழற மனுஷன் கண்ணாடியைக் கழட்டி, மடிச்சு, கூட்டுல போட்டு, ஜன்னல்ல வெச்சுட்டா விழுவாரு?"

"புதுக் கண்ணாடி மாப்ள," என்றது பேப்பர்.

"அப்போ அந்த 'தடால்'?"

"வாளி!" என்றாள் மகள். "நான்தான் போட்டேன்!"

குடும்பமே கூட்டு. "அத்தனையும் நடிப்பா?" என்று கத்தினேன்.

"நடிப்பில்லைங்க, ஒத்திகை. சொல்லாம நடத்தினாத்தான் ஒத்திகைன்னு நீங்கதானே சொல்வீங்க." சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "போன வாரம் அப்பா நிஜமாவே வழுக்கிட்டாரு. குழாயைப் பிடிச்சுத் தப்பிச்சாரு. அன்னியிலேர்ந்து அவர் குளிச்சு முடிக்கிறவரைக்கும் நான் கதவுக்கு வெளியவே நிக்கிறேன். உங்ககிட்ட சொன்னேன். 'ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்'னீங்க."

சொன்னேன்தான். எனக்கு வெட்கமாகிவிட்டது. மாமனார் மெதுவாக எழுந்து, புதுக் கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "கெட்டியா இருக்கு மாப்ள," என்றார். நானூற்றுப் பன்னிரண்டு நாளில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் பேப்பரை விரித்தேன். சமையலறையில் 'தடால்!'

"ஐயோ, அம்மா!" இந்தத் தடவை மகளின் குரல்.

நான் பதறவில்லை. டூல் பாக்ஸை எடுத்துக்கொண்டு நடந்துபோய், "என்ன ரிப்பேர்?" என்று கேட்டேன்.