மேதையின் வீட்டில் ஓர் ஊமைக் கட்டை

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். உங்கள் அத்தை என்னோடு பேசி நான்கு நாளாகிறது. மற்றபடி அவளும் சௌக்கியம். நீங்களும் என் மகள் பாப்பாவும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும், குறிப்பாக இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும்.

போன ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் அனுப்பிய நுழைவுச்சீட்டை எடுத்துக்கொண்டு நானும் அவளும் இரண்டு பஸ் மாறி, கடைசி ஒன்றரை மைல் நடந்து, அந்த இசை மேதையின் கிராமத்து மாளிகைக்குப் போனோம். "ஏழு வருஷமா நான் என்ன செய்யறேன்னு அங்க போனா உங்களுக்கே புரியும் மாமா" என்று போனில் சொன்னீர்கள். புரிந்தது மாப்பிள்ளை, தேவைக்கு மேலேயே புரிந்துவிட்டது. வாசலில் ஒரு பெரிய பதிவேடு வைத்திருந்தார்கள். எல்லாரும் பெயரும் ஊரும் எழுதிவிட்டு நகர, உங்கள் அத்தை என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, 'ஆராய்ச்சியாளரின் மாமியார், உடன் மாமனார்' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். அந்த நிமிடத்திலிருந்து எங்களுக்கு ராஜமரியாதை. சுற்றிக் காட்டும் அம்மாள் எங்களை முன்வரிசையில் நிறுத்தினார். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

அந்த வீட்டில் எதைப் பார்த்தாலும் முன்னால் ஒரு கயிறு, பக்கத்தில் ஓர் அட்டை. மேதை உட்கார்ந்த நாற்காலி, உட்காராதீர்கள். மேதை சாய்ந்த ஜன்னல், சாயாதீர்கள். மேதையின் குடை கண்ணாடிப் பெட்டிக்குள் மழைத் தூறலுக்குப் பயமில்லாமல் இருந்தது. அவருடைய செருப்பைப் பற்றி மட்டும் அந்த அம்மாள் எட்டு நிமிடம் பேசினார்; இடது செருப்பு அதிகம் தேய்ந்திருப்பதில் ஒரு தாளம் ஒளிந்திருக்கிறதாம். எனக்கும் இடது செருப்புதான் தேய்கிறது. அதற்கு உங்கள் அத்தை இதுவரை சொன்ன காரணம் வேறு.

பிறகு பியானோ அறை. மனைவி இறந்த பின் பதினோரு வருடம் மேதை அந்த வீட்டில் தனியாக இருந்து எழுதிய எந்த இசையிலும், நட்டநடுவில் இருக்கிற ஒரு சுரம் மட்டும் வராதாம். அது அவர் மனைவியின் குரலுக்கு உரிய சுரமாம். துயரத்தில் அதை விலக்கி வைத்தாராம், பியானோவில் அந்தக் கட்டையும் அவரோடு சேர்ந்து ஊமையாகிவிட்டதாம். துக்கத்தில் யாரும் கை வைக்கக்கூடாது என்று நிர்வாகக் குழு தீர்மானமே போட்டிருக்கிறதாம். இதையெல்லாம் உலகத்துக்கு எடுத்துச் சொன்னது நீங்கள் என்று அந்த அம்மாள் எங்களைக் காட்டிச் சொன்னதும், உங்கள் அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. அப்போது அந்த அம்மாள் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு அந்தக் கட்டையை அழுத்தினார். சத்தம் வரவில்லை. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். என்னால் மூட முடியவில்லை மாப்பிள்ளை. நாற்பது வருடம் பியானோவும் ஆர்மோனியமும் பழுது பார்த்த கண். அந்தக் கட்டை மற்றவற்றைவிட ஒரு மயிரிழை தூக்கி நின்றது.

"அம்மா, அது அடைச்சிருக்கு" என்றேன்.

"இல்லைங்க ஐயா, அது துக்கம்" என்றார்.

"துக்கமா இருந்தா உள்ள கம்பியைத் தட்டற சுத்தியல் வரைக்குமாவது போகும்மா. இது கிளம்பின இடத்துலயே முட்டுது."

உங்கள் அத்தை என் விலாவில் இடித்தாள். "ஊருக்கு வந்த இடத்துல தொழிலைக் காட்டாதீங்க" என்று பல்லைக் கடித்தாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்து மாடியில் மேதையின் படுக்கையறை என்றார்கள், எனக்கு முழங்கால் வலி, நான் கீழேயே இருக்கிறேன் என்றேன், காது அரிக்கிறது என்று அவளிடம் ஒரு கொண்டை ஊசி வாங்கிக்கொண்டேன். நான் திட்டம் போட்டுச் செய்தேன் என்று அவள் சொல்வது அபாண்டம். காது நிஜமாகவே அரித்தது. ஆனால் அறையில் நானும் அந்தக் கட்டையும் மட்டும் இருக்கும்போது, கயிறு முழங்கால் உயரம்தான் இருக்கும்போது, சட்டைப்பையில் ஓய்வு பெற்ற பிறகும் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் இருக்கும்போது, நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள். கட்டைகளுக்கு முன்னால் இருக்கும் மரச்சட்டத்தில் இரண்டே திருகு. கழற்றி, ஊசியைக் கொடுத்து நெம்பினால், கல் மாதிரி ஒன்று உருண்டு கையில் விழுந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். இருமல் மிட்டாய். பாதி சப்பியது.

கட்டையை அழுத்தினேன். மாப்பிள்ளை, எத்தனையோ பெட்டிகளைத் தொட்டிருக்கிறேன், அப்படி ஒரு நாதம் கேட்டதில்லை. நூறு வருடம் தேயாத சுரம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதனால் இன்னொரு தடவையும் அழுத்தினேன். இரண்டாவது தடவைதான் மாடிக்குக் கேட்டிருக்கிறது. மொத்தக் கூட்டமும் தடதடவென்று இறங்கி வந்தது. அந்த அம்மாள் என் உள்ளங்கையைப் பார்த்தார், மிட்டாயைப் பார்த்தார், அப்படியே மேதையின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பொறுப்பாளர் ஓடிவந்து, என்ன செய்தீர்கள் என்று கேட்கவில்லை, "யாராவது செல்போன்ல பதிவு பண்ணிட்டீங்களா?" என்றுதான் கேட்டார். அப்புறம் என்னைத் தனியே அழைத்துப்போய், "உங்க மாப்பிள்ளையோட வாய்மொழித் தேர்வு அடுத்த வாரம் வியாழக்கிழமை இந்த ரூம்லதான் ஐயா. தேர்வாளருங்க மூணு பேரும் அந்தக் கட்டையை அழுத்திப் பாக்கத்தான் வர்றாங்க" என்றார். அவர் குரலில் கோபமில்லை. சாவு வீட்டில் துஷ்டி கேட்க வந்தவர் மாதிரி இருந்தது.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. பாப்பா ஏழு வருடம் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கியது இந்த டாக்டர் பட்டத்துக்காக. இது கிடைத்தால்தான் கல்லூரியில் உங்கள் வேலை நிரந்தரம் என்பதும் தெரியும். அதையெல்லாம் ஒரு கொண்டை ஊசியால் நெம்பிப் போட்டுவிட்டேன். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அந்த மேதை எங்கள் தொழிலில் ஒரு ஆளைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தால் அரை மணியில் வேலை முடிந்திருக்கும். பதினோரு வருடம் அந்தக் கட்டையைச் சுற்றிக்கொண்டு வாசித்ததை நீங்கள் துயரம் என்கிறீர்கள், நான் சோம்பேறித்தனம் என்பேன். உங்கள் ஆராய்ச்சி நூலைத் திரும்ப எடுத்து, 'துயரம்' என்று வரும் இடமெல்லாம் 'இருமல்' என்று மாற்றிப் படித்துப் பார்த்தேன். முப்பது பக்கம் வரை ஒரு குறையும் தெரியவில்லை. எனவே பயப்படாதீர்கள், தேர்வாளர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஊமைக் கட்டை என்று தெரிந்த பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தவன் இல்லை நான். உங்கள் பெயரும் அப்படி நேர்மையாக நிற்க வேண்டும். சாட்சிக்கு அந்த மிட்டாயைப் பஞ்சில் சுற்றி இத்துடன் வைத்திருக்கிறேன்.

பாப்பாவுக்கு என் ஆசி. உங்களுக்கும்தான், இனி அது உங்களுக்கு வேண்டும் என்றால். நீங்கள் இருவரும் எல்லா நலனும் பெற்று நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் பொறுப்பாளர் போன் செய்தார். நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியதாம். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறார்கள். கட்டையில் சத்தம் வர ஆரம்பித்த பிறகு, வருகிறவர்கள் யாரும் கண்ணை மூடுவதில்லையாம், இரண்டு நிமிடத்தில் அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்களாம். அடுத்த வியாழனுக்குள் வந்து பழையபடி செய்து தரும்படி கேட்டார். முதலில் முடியாது என்றேன். பிறகு பாப்பாவை நினைத்துக்கொண்டேன். மிட்டாயைப் பஞ்சிலிருந்து எடுத்தபோது நான்காக உடைந்துவிட்டது, ஆகையால் தேக்கில் ஒரு சின்ன ஆப்பு செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அளவு பார்த்து வைத்திருக்கிறேன். நாற்பது வருடத் தொழிலில் பேசுகிற கட்டையை நான் ஊமையாக்குவது இதுதான் முதல் தடவை. நாளைக் காலை பஸ்ஸுக்குப் போகிறேன். மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம், கிழித்துவிடுங்கள். தேர்வில் தைரியமாகப் பேசுங்கள் மாப்பிள்ளை. மிட்டாயைவிட தேக்கு உறுதி. இன்னும் இருநூறு வருடத்துக்கு அந்தத் துயரத்துக்கு நான் பொறுப்பு.