என் முறை வந்தால் மட்டும் போகும் நெட்

அன்பு மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். நெட் மட்டும் நலமாக இல்லை. உங்கள் நலத்தையும் என் மகளின் நலத்தையும் அறிய ஆவல். சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை, வேறு வழியில்லாமல்தான் தாளில் கேட்கிறேன்.

மகள் வீடியோவில் கூப்பிடுகிறாள். அவளும் அவள் அம்மாவும் அரை மணி நேரம் பேசுகிறார்கள். அதுவரை நெட்டுக்கு ஒரு குறையும் இல்லை. "இரு, அப்பாகிட்ட குடுக்கறேன்" என்று அத்தை எழுந்து நான் உட்கார்ந்ததும், மகள் "எப்படிப்பா இருக்கீங்க?" என்கிறாள், "நல்லா இருக்கேம்மா" என்கிறேன், அவள் ஆபீஸ் கதையை ஆரம்பிக்கிறாள், நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன், பாதியில் "போச்சு, அப்பாவுக்கு நெட் போச்சு" என்று வைத்துவிடுகிறாள். நெட்டுக்கும் ஓரவஞ்சனை உண்டா மாப்பிள்ளை? அதையே படித்து வேலை பார்க்கிறவர், நீங்கள் சொல்லுங்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. நெட் பெட்டியை அணைத்துப் போட்டேன். அலமாரி மேலிருந்து செருப்பு ஸ்டாண்டுக்கு இறக்கினேன், அங்கிருந்து ஃப்ரிட்ஜின் தலையில் ஏற்றினேன், வைஃபையை நம்பினால் ஆகாது என்று லேப்டாப்பிலேயே வயரைச் செருகினேன், அந்த வயரே தடுக்கி விழுந்தேன், முழங்காலில் தைலத்தைத் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் அப்போதும் அதே கதை. நெட்காரர் வந்து வயரையெல்லாம் மாற்றிவிட்டு, "லைன் சுத்தமா இருக்கு சார்" என்கிறார். "உங்க மூஞ்சி நெட்டுக்கே பிடிக்கல போல" என்று அத்தைக்குச் சிரிப்பு வேறு.

போன வாரம் மகள், "இனிமே அம்மாகிட்டயே பேசிக்கறேன்பா, உங்களுக்கு மெசேஜ் போடறேன்" என்று சொல்லிவிட்டாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மெசேஜில் அவள் குரல் வருமா? ஆகவே, லீவு போட்டு, அவளையும் கையோடு அழைத்துவந்து, இதைச் சரிசெய்து தர வேண்டும்.

இருவரும் சண்டையில்லாமல், சிக்னல் குறையாமல் பல்லாண்டு வாழ வாழ்த்தும்,
மாமா

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்தில் மகள் கூப்பிட்டாள். ஒருமுறை பார்ப்போமே என்று நானும் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில், "அம்மா, அப்பா மறுபடி ஸ்டக் ஆயிட்டார். அவர்கிட்ட பேசாம எனக்கு என்னமோ போல இருக்கும்மா" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துண்டை எடுத்துத் துடைத்தேன். "அம்மா, அப்பா அசையறார்! நெட் வந்துடுச்சு!" என்று கத்தினாள். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏங்க, இத்தனை நாளும் இப்படித்தான் ஆடாம அசையாம உக்காந்திருந்தீங்களா?" என்றாள். பின்னே? முன்பு போனில் பேசியபோது, "போன் ஆடினா படம் உடையும் மாமா" என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? போனே ஆடக் கூடாது என்றால் ஆள் ஆடலாமா என்று இமைகூடக் கொட்டாமல் இருந்தேன். பிறகு கையை ஆட்டி ஆட்டி, வாய் வலிக்கும்வரை பேசினோம். லைனில் ஒரு பழுதும் இல்லை மாப்பிள்ளை. லீவை மட்டும் ரத்து செய்துவிடாதீர்கள்.