ரெட்டைவரிக் கிராணி

இரண்டு மனிதர்களுக்கு நடுவே உள்ள உறவை ஒரே வரியில் எழுதிவிடலாம் என்று நம்பிய முட்டாள் நான். சிரம்பானில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனதன் விளைவு. அதிலிருந்து என்னை மீட்டவர், நெகிரி செம்பிலான் மண்ணிலேயே மிகப் பெரிய சந்தேகப் பிராணியான எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய கிராணி.

எதையும் இரு தரப்பிலும் விசாரித்து, ஆளுக்கொரு வரி எழுதாமல் நம்பமாட்டார். அதனால் ரெட்டைவரிக் கிராணி. மழை பெய்கிறது என்று ஒருவர் சொன்னால், நனைந்து வந்த இன்னொருவரையும் கேட்டுவிட்டுத்தான் குடையைத் தேடுவார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் துரை ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வாங்கி, அதை இயக்க என்னையும் சேர்த்தார். அந்த நேரம் பார்த்துக் கோலா கிளாவாங்கில் ஒரு கல்யாணம். லிங்கியிலிருந்து எங்கள் தோட்டமே கிளம்பியது, லோரி இரண்டு. ஆனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் மீதிப் பாதியோடு பேசமாட்டார்கள். பேசாதவர்கள் ஒரே லோரியில் ஏறவும் மாட்டார்கள்.

"கம்ப்யூட்டர் பிரிச்சுக் கொடுத்துடும்" என்று வாயை விட்டேன்.

ஆட்களுக்கு ஓர் அட்டவணை, ஆளுக்கோர் எண். உறவுக்கு இன்னோர் அட்டவணை: இந்த எண், அந்த எண், பேச்சு உண்டா இல்லையா. ஜோடிக்கு ஒரு வரி. கிராணி திரையை முறைத்தார்.

"ஒரு வரிதானா?"

"போதும்லா ஐயா. இவரு அவரோட பேசலைன்னா, அவரும் இவரோட பேசலைன்னுதானே அர்த்தம்?"

"யாரு சொன்னா? நீ மண்டோர் மகளப் பாக்குற. அந்தப் புள்ள உன்னையப் பாக்குதா? ஒரே வரியில எழுதிப்புடுவியா?"

சரோஜா என்னைப் பார்க்கிறாளா என்பது இருக்கட்டும். வேலையை மேற்பார்க்கும் அவள் அப்பா மண்டோரும் என் அப்பாவும் பல வருஷமாகப் பேசுவதில்லை. ஏதோ ஒரு பந்தியில் அப்பா பாயாசம் பரிமாறியபோது மண்டோரின் இலையைத் தாண்டிப் போய்விட்டாராம். அந்தப் பாயாசம் ஆறாதவரை நான் பெண் கேட்க முடியாது.

ஜோடிக்கு இரண்டு வரி என்று மாற்றினேன். கிராணி சைக்கிளில் லயம் லயமாகப் போய்ப் பெரியவர்களை விசாரித்தார். புருஷன் பெண்டாட்டியைக்கூட விடவில்லை.

"இந்தம்மாவோட பேசுவீங்களா?"

"பேசுவேனே, கிராணி."

"ஏம்மா, நீங்க?"

"நாளைக்கி வாங்க. இன்னைக்கிக் கோவத்துல இருக்கேன்."

எங்கள் வீட்டில் அப்பா சீறினார். "நானா பேசமாட்டேங்கிறேன்? மண்டோர்தான் மூஞ்சியத் திருப்பிக்கிறாரு!" கிராணி 'பேச்சு உண்டு' என்று எழுதிக்கொண்டார்.

மண்டோர் வீட்டில் கேட்டபோது, "நான் எப்பவும் ரெடிலா. அவருதான் என்னையக் கண்டா ரப்பர் மரத்த எண்ண ஆரம்பிச்சிடுறாரு" என்றாராம். அங்கேயும் 'உண்டு'.

இரண்டு வரியும் உண்டு என்றால் ஒரே லோரி. கம்ப்யூட்டருக்குப் பாயாசமெல்லாம் தெரியாது. பட்டியலைச் சுவரில் ஒட்டியதும் இருவரும் ஆபீசுக்குப் பாய்ந்தார்கள்.

"நீங்க சொன்னதத்தான் அது சொல்லுது" என்றார் கிராணி. "பொய்யின்னா இப்பவே சொல்லிடுங்க, மாத்திடுறேன்."

யார் சொல்வார்? ஏறினார்கள், எதிரெதிரே; மண்டோர் பக்கத்தில் சரோஜா. வழியில் சண்டை மூண்டால் என் கல்யாணம் அந்த லோரியிலேயே முடிந்தது என்று நான் மூலையில் ஒடுங்கினேன்.

மலைப்பாதை வளைய வளைய மண்டோரின் முகம் வெளுத்தது. அப்பா மரங்களை எண்ணிப் பார்த்தார், முடியவில்லை. சட்டைப்பையிலிருந்து அசாம்போய், அந்தப் புளிப்பு வற்றலை எடுத்து நீட்டினார்.

"இந்தாய்யா, வாயில அடக்கிக்க. என் வேட்டியில வாந்தி எடுத்து வெச்சிராத."

மண்டோர் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். "பரவால்ல, இன்னைக்காவது தாண்டிப் போகாம குடுத்தியே!"

லோரியே சிரித்தது. மறுவருஷம் எங்கள் கல்யாணப் பந்தியில் மண்டோரின் இலையில் பாயாசம் குளம் கட்டியது. ஊற்றியவர் அப்பா.

பிறகு எத்தனையோ அட்டவணைகள் போட்டுப் பிழைத்தேன். இன்றும் ஜோடிக்கு இரண்டு வரிதான். கிராணி போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்கு நான் நன்றி சொன்னதேயில்லை. சொல்லியிருந்தால், "உன் பொண்டாட்டியையும் கேட்டுட்டு வா" என்றிருப்பார்.

அதனால் போன வாரம் சரோஜாவைக் கேட்டேன்.

"பெரியவங்கள எல்லாம் வீடு வீடா கேட்டாரு. என்னைய ஒரு வார்த்தை கேட்டாரா?" என்றாள். "கேட்டிருந்தா, உங்களோட பேச்சு இல்லைன்னு சொல்லிட்டு அடுத்த லோரியில ஏறியிருப்பேன்."