நீலம் காட்டிய காப்பி

ஒரு காட்டில், செல்போன் சிக்னல் கிடைக்கிற ஒரே பாறையின் ஓரமாக, மரகதம் என்ற கரடி காப்பிக்கடை போட்டிருந்தாள். அவள் காப்பியில் எல்லாம் உண்டு, காப்பிக்கொட்டை மட்டும் கிடையாது. வறுத்த புளியங்கொட்டைதான். காப்பிக்கொட்டை விற்கிற விலைக்கு அவளும் என்னதான் செய்வாள், பாவம்! ஆனால் ராக்காவல் மான்கள் அதில் ஆளுக்கொரு டம்ளர் குடித்துவிட்டு விடிய விடியக் கண்கொட்டாமல் நின்றன. புலியால் கிட்டவே வர முடியவில்லை.

ஒருநாள் பட்டணத்தில் படித்த குரங்கு ஒருவன் காகிதக் கட்டோடு வந்து சேர்ந்தான். தூக்கத்தை விரட்டுகிற கஃபீனுக்கான சோதனைக் காகிதமாம். காப்பியில் முக்கினால், சரக்கு இருந்தால் நீலமாகும், இல்லாவிட்டால் ஆகாது. பையில் போட்டுக்கொண்டு எங்கேயும் போகலாம், காசும் வேண்டாம் என்று அளந்தான். கட்டின் மேல் கொட்டை எழுத்தில் 'உபயம்: புலியார்' என்று போட்டிருந்தது. என்ன நல்ல மனசு என்று மான்கள் மெச்சின.

மான்களின் தலைவர் வீரபத்திரன் காகிதத்தை முக்கினார். பழுப்பேறியதே தவிர, நீலம் மருந்துக்கும் இல்லை.

"அப்ப இத்தனை நாளும் சும்மாவா முழிச்சிருந்தோம்?" என்றார்.

கடையை இழுத்து மூடச் சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி காவல் மான்களுக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி. உண்மை தெரிந்த பிறகு எப்படி முழித்திருப்பது? விடிந்து பார்த்தால் தலைவரின் மச்சானைக் காணோம்.

மரகதத்துக்கு அழுகையே வந்துவிட்டது. வெல்லம் தூக்கலாகக் கேட்டு வாங்கிக் குடிப்பவன் அவன். இனி அசல் கொட்டைதான் என்று முடிவு செய்தாள். விலையை விசாரித்ததும் முடிவு மாறிவிட்டது. வேலியோரத்து நீலச் சங்குப்பூவைப் பறித்துக் காய்ச்சி, புளியங்கொட்டைத் தண்ணீரில் கலந்தாள்.

"கொட்டையை மாத்திட்டேங்க ஐயா. நீங்களே முக்கிப் பாருங்க."

வீரபத்திரன் முக்கினார். பளிச்சென்று நீலம். அன்றிலிருந்து ஒரு மானும் கண்ணை மூடவில்லை. குரங்கு தரச்சான்று எழுதிக் கொடுத்துவிட்டு ஓசிக் காப்பிக்கு உட்கார்ந்துகொண்டான்.

பசி பொறுக்காத புலியாரும் ஒருநாள் கடைக்கு வந்தார். தன் உபயக் காகிதத்தையே முக்கினார். நீலம். தெம்புக்கு ஒரு டம்ளர் குடித்தவர், நெஞ்சு படபடக்கிறது, பொட்டுத் தூக்கமில்லை என்று அந்த வாரம் முழுக்கக் குகையைவிட்டு வெளியே வரவில்லை.

நீதி: கலப்படம் செய்தால் முழுசாகச் செய்யுங்கள். அரைகுறையாக விட்டால் யார் வீட்டு மச்சானோ போய்விடுவான்.